‘மு’ என்று எழுதிய பை

முகாம் அடுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிற நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “அக்கா, முட்டைப் பொடி புனேயில் எங்கே கிடைக்கும்?” கடை இருக்கிற இடத்தை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கடையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று செல்வம் சொன்னார். மற்ற இருவரும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இது மூன்று பேருக்கும் வேண்டிய விஷயம்.

செல்வத்தை உங்களுக்கு முதலாளியாகத் தெரியும். கோயமுத்தூரிலிருந்து புனேக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு மலை முகாம் நடத்த ஆரம்பித்தவர். அவர் ஆரம்பித்த முதல் முகாமிலிருந்து போன வருடம் வரை அடுப்பு என் பொறுப்பு. நான் வேலூர்ப் பக்கத்துக்காரி. கணவர் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்ததால் இங்கே வந்து தங்கிவிட்டோம். முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைக்காமல் போனதும் கரண்டியைக் கீழே வைத்தேன். இவ்வளவு போதும் என்னைப் பற்றி.

முகாமில் முட்டை எப்போதுமே தலைவலி. காலையில் மலை ஏறப்போகிற பிள்ளைகளுக்கு வயிற்றில் நிற்கிற சாப்பாடு வேண்டும். அதற்கு முட்டையைப் போல் சுலபமானது வேறில்லை, உடையாமல் வந்து சேர்ந்தால். அட்டைத் தட்டோடு ஜீப்பில் கட்டிப் பார்த்தேன். அடிவாரம் போவதற்குள் மேல் தட்டின் மஞ்சள் கரு அடித்தட்டு வரை இறங்கியிருந்தது. உமி நிரப்பிய டின்னில் புதைத்து எடுத்துப் போனேன். முட்டை தப்பித்தது, டின்னைத் தூக்கியவரின் முதுகு தப்பவில்லை. வேகவைத்து எடுத்துப் போனேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் கூடாரத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. உடைத்து பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். மழைக்காலப் புழுக்கத்தில் அந்தக் காரியத்தை மட்டும் நான் செய்யவில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

பொடி என்று ஒன்று உண்டு எனக் கேள்விப்பட்டுத் தேட ஆரம்பித்தேன். கேக் சாமான் விற்கிற ஒரு கடையில் கஸ்டர்ட் பவுடரை எடுத்து வைத்தார்கள். இன்னொரு கடைக்காரர் முட்டைக்குப் பதிலாகப் போடுகிற பொடியை நீட்டி, “இதில் முட்டையே கிடையாது” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு முட்டைதான் வேண்டும் என்றேன். அவருக்கு என் மேல் இருந்த மரியாதை அத்தோடு போயிற்று. மொத்த வியாபாரிகளிடம் இருந்தது. ஆனால் அவர்கள் பிஸ்கட் கம்பெனிகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போடுகிறவர்கள், நான் கேட்கிற நான்கு கிலோவுக்காகப் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள்.

கடைசியில் புனே கோர்படிப் பகுதியில் ஒரு சின்ன பேக்கரிக்காரர்தான் கொடுத்தார். வயதானவர். பெயரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தனக்கு வாங்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துக் கட்டினார். பெட்டியின் மேல் நாமக்கல் பக்கத்து முகவரி அச்சடித்திருந்தது. “உங்க ஊர்ச் சரக்கு. அதை எங்கிட்ட வந்து கேக்கறீங்க” என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். கட்டி முடித்துக் கையில் கொடுக்கும்போது சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார்: “பாருங்க, ஓடு இருக்கற வரைக்கும் அது முட்டைன்னு எல்லாருக்கும் தெரியும். தூளாயிட்டா அதுக்கு முகம் போயிடும். அப்புறம் அது என்னன்னு சொல்ல வேண்டியது நீங்கதான்.”

நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதோடு சரி.

வீட்டில் முதல் நாள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கட்டி கட்டியாக்கினேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “இதைக் கிடங்குல குடுத்தா டயருக்கு ஒட்டுப் போடுவாங்க” என்றார். மறுநாள் ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெங்காயம் தக்காளி பச்சைமிளகாயோடு புர்ஜி, அதாவது நம் பொடிமாஸ், கிளறினேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கரைத்ததை உடனே சமைத்துவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது. சமையல் சம்பந்தமாக நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவது சமையல் இல்லை.

ஆகுர்டியில் உள்ள ஒரு வண்டித் தொழிற்சாலை, தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஐந்து நாள் முகாம் கேட்டது. இருபத்தெட்டுப் பிள்ளைகள். நல்ல மழைக்காலம், ச்ராவண மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க மராத்தி வீடுகளில் பலர் கறி, மீன், முட்டை தொட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளோடு பெரியவராக வந்தவர் ஜாதவ் என்ற ஃபோர்மேன். ஐம்பதைத் தாண்டியவர், மலை போன்ற தோள். பிள்ளைகளுக்கு அவர் ஜாதவ் காகா, அதாவது சித்தப்பா. அந்த வருடம் அவர் மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. நல்லபடியாக எழுந்து நடந்தால் ச்ராவணத்தை ஒரு நாள் பிசகாமல் காப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். இவர் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவரே எனக்குச் சொன்னார்.

பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில் முட்டை சாப்பிடுவதில்லை. நான்காவது, மிருணாள் என்ற பன்னிரண்டு வயதுப் பெண். அவளுக்கு முட்டை ஆகாது. பஸ் கிளம்பும் முன் அவள் அம்மா என்னைத் தேடி வந்து ஒரு சின்னப் பையைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு மருந்துப் பாட்டிலும் டாக்டர் எழுதிய காகிதமும் இருந்தன. “மாவ்ஷி, ஒரு துளி முட்டை போனாலும் உதடு வீங்கிடும். ஒரு தடவை மூச்சே அடைச்சிடுச்சு. அப்படி ஏதாவது ஆனா உடனே இந்த மருந்து, அடுத்து ஆஸ்பத்திரியில ஊசி. தாமதிக்கவே கூடாது.” மாவ்ஷி என்றால் சித்தி. முகாமில் எனக்கு அதுதான் பெயர். “கவலைப்படாதீங்க. அவ சாப்பாடு என் கையாலதான்” என்று சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

என் புத்திசாலித்தனத்தை இப்போது சொல்கிறேன். மழையில் நின்றுகொண்டு அளந்து கலப்பது கஷ்டம் என்று வீட்டிலேயே மாவைத் தயார் செய்திருந்தேன். கோதுமை மாவு, சர்க்கரை, ஏலக்காய், சோடா உப்பு. தண்ணீர் விட்டுக் கரைத்தால் இனிப்புத் தோசை. பிள்ளைகள் பேன்கேக் என்பார்கள். சில பைகளில் முட்டைப் பொடி கலந்தேன், சில பைகளில் பால் பொடி. ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் பை, ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் நிறம். மேலே நீலப் பேனாவால் ‘மு’ என்றும் ‘பா’ என்றும் ஒவ்வொரு எழுத்து எழுதினேன்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு அடுப்பில் உதவிக்கு இருந்தது சுனந்தா, அடிவாரத்து ஊர்ப் பெண். கெட்டிக்காரி. ஆனால் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அவளுக்குத் தெரியாத எழுத்தில், தண்ணீர் பட்டால் அழிகிற மையில், ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலை. மழை நிற்காமல் பெய்தது. முட்டை சாப்பிடாத நான்கு பிள்ளைகளும் ஜாதவ் காகாவுமாக ஐந்து பேருக்கு முதலில் பால் மாவில் வார்த்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு முட்டை மாவை எடுப்பதாகத் திட்டம். சுனந்தாவிடம் அதைச் சொல்லியிருந்தேன். அவள் கல் காயவைத்துக்கொண்டிருந்தபோது சாமான் கூடாரத்தின் தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் அரிசி மூட்டையின் மேல் கொட்ட ஆரம்பித்தது. நான் ஓடினேன். கட்டி முடித்துத் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் சுனந்தா, நேரம் ஆகிறதே என்று, நேற்று நான் எடுத்த பக்கத்திலிருந்தே ஒரு பையை எடுத்துக் கரைத்து வார்த்து ஐந்து பேருக்கும் கொடுத்திருந்தாள்.

நான் அடுப்படிக்கு வந்ததும் மிருணாள் தட்டைத் தூக்கிக் காட்டினாள். பாதி தோசை இருந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

“மாவ்ஷி, நேத்தை விட இன்னைக்கு ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கு!”

இத்தனை வருடத்தில் என் சமையலுக்கு எத்தனையோ பாராட்டுக் கிடைத்திருக்கிறது. கேட்டதும் தட்டைப் பிடுங்கத் தோன்றியது அந்த ஒரு தடவைதான். பால் மாவு தோசை மெத்தென்று வராது. ஓரம் மொறுமொறுவென்று நிற்கும். தட்டில் இருந்ததைத் தொட்டேன். பஞ்சு போல் அமுங்கி எழுந்தது.

தட்டை வாங்கிக்கொண்டேன். “போதும் கண்ணு, வாயைக் கொப்பளிச்சிட்டு வா” என்றேன். சுனந்தாவிடம் காலிப் பை எங்கே என்று கேட்டேன். அவள் அதை விறகின் மேல் போர்த்தியிருந்தாள். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலக் கறைதான் இருந்தது. மு-வா, பா-வா, சொல்ல முடியவில்லை.

அதற்குள் செல்வம் வந்துவிட்டார். நான் சொன்னதும் அவர் முகமும் மாறியது. ஆனால் அவர் கணக்காக யோசிக்கிறவர்.

“அக்கா, ஒரு நிமிசம் இருங்க. மொத்தம் எத்தனை பை?”

“மு ரெண்டு, பா மூணு. நேத்து பா ஒண்ணு எடுத்தாச்சு.”

“அப்ப மிச்சத்தை எண்ணிப் பாத்துரலாமுங்க. பாலா இருந்துட்டா? இந்த மழையில, இந்த வழுக்கல்ல புள்ளையக் கீழ இறக்கறது அதை விட ஆபத்துங்க. ஓடையில தண்ணி வேற ஏறியிருக்கு. அவளைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கா?”

அவர் சொன்னது தப்பில்லை. மிருணாள் நன்றாகத்தான் இருந்தாள். வாய் கொப்பளித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணோடு தண்ணீர் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கீழே வண்டி நிற்கிற இடத்துக்கு ஒரு மணி நேர இறக்கம். மேலே போனில் சிக்னல் கிடையாது. ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனோ? நாற்பது வினாடி, ஐம்பது வினாடி இருக்கும், நான் அசையாமல் நின்றேன். அந்த நேரத்தில் எனக்குள் பேசியது எது என்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாலாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் பேசியது. முட்டையாக இருந்தால் தப்பு என்னுடையது. அதனால் பாலாகவே இருந்துவிடட்டும் என்று மனம் காரணம் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஆசையை நம்பி ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் காத்திருப்பதா?

“தம்பி, நீங்க எண்ணுங்க. நாங்க கெளம்பறோம்” என்றேன். “பாலுன்னு தெரிஞ்சா பின்னாடி ஆளை அனுப்புங்க. திரும்பி வந்துடறோம். நனைஞ்சதுதான் மிச்சம். முட்டையா இருந்து நாங்க இங்க உக்காந்திருந்தா என்ன பண்ணுவீங்க?”

செல்வம் என்னை ஒரு கணம் பார்த்தார். “போங்கக்கா” என்றார்.

டாக்டர் காகிதத்தில் எழுதியிருந்த அளவில் மருந்தைக் கொடுத்தேன். ஜாதவ் காகாவைக் கூப்பிட்டு, “இவளுக்கு ஆகாதது சாப்பாட்டுல கலந்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன். எது, எப்படி என்று அவர் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். “ஏறு பேட்டா.” அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன்.

முதல் பத்து நிமிடம் மிருணாள் கோபமாக இருந்தாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. நாளைக்குக் கோட்டைக்குப் போறாங்களே!” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு பேச்சு நின்றது. நான் எட்டி நடந்து அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது.

“தொண்டையில ஏதாவது பண்ணுதா கண்ணு?”

“கொஞ்சம் அரிக்குது மாவ்ஷி.” குரல் கரகரத்தது. “அப்பவே அரிச்சுது. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு சொல்லல.”

ஜாதவ் காகா அதைக் கேட்டார். வேகத்தைக் கூட்டினார். அந்த வழுக்குப் பாதையில், அந்த வயதில், அவர் நடந்த நடையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கட்டைவிரலால் தரையைக் கவ்விக் கவ்வி இறங்கினார். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். செல்வம். பிள்ளைகளை முகாம் ஆட்களிடம் விட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“மு ஒண்ணுதானுங்க அக்கா இருக்குது” என்றார்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. செல்வம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் கடந்தார், அடுத்து காகா. நடுவில் ஒரு தடவை அவர் கால் தடுமாறியது. மிருணாள் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது, சீழ்க்கை மாதிரி. அக்கரையில் ஜீப் நின்றது. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் போனோம். அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். காகிதத்தை வாசித்தார், தொடையில் ஊசி போட்டார், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். சுவரோரமாக நின்று அந்தப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சீழ்க்கைச் சத்தம் குறைந்தது, பிறகு நின்றது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “போதும், இனிமே பயமில்ல. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வழியில நேரத்தை விடாம வந்தீங்க, நல்லது” என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மிருணாளின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். முதலில் “பிள்ளை நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு, அப்புறம் நடந்ததைச் சொன்னேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். இப்படிச் செய்தி சொல்ல வேண்டி வந்தால் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் கேட்டுவிட்டு, “கிளம்பி வரேன்” என்று வைத்தார்.

வராந்தா பெஞ்சில் ஜாதவ் காகா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் அதே மாவில்தான் சாப்பிட்டிருந்தார். இன்னும் அவருக்குத் தெரியாது. செல்வம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஓரமாகக் கூப்பிட்டார்.

“அவருகிட்ட சொல்லோணுமாக்கா? தெரியாமச் சாப்புட்டது. சொன்னா மனசு கஷ்டப்படுவாருங்க. சொல்லாட்டி யாருக்கு என்ன நட்டம்?”

எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பாலாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்ட அதே மனம்தான் இப்போதும் பேசுகிறது என்று பட்டது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாவூ,” என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டேன். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவளுக்கு ஆகாததுன்னு சொன்னேனே, அது முட்டை. பை மாறிப்போச்சு. நீங்க சாப்பிட்டதும் அந்த மாவுதான். தப்பு என்னுது, சுனந்தாவுது இல்ல.”

அவர் துண்டைப் பிழிவதை நிறுத்தினார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வழியில் பசித்தால் சாப்பிட இரண்டு தோசையைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். எல்லாம் நனைந்து கூழாகியிருந்தது. படியில் படுத்திருந்த நாய்க்கு அதை வைத்தார். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நல்ல ருசியா இருந்துச்சு வஹினி” என்றார். வஹினி என்றால் அண்ணி. “அதுதான் கஷ்டமா இருக்கு.”

அவர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். என் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மாள் முதலில் கேட்டது, “பொண்ணு எப்படி இருக்கா?” இரண்டாவது கேட்டது, “உங்க முதுகு எப்படி இருக்கு?” மூன்றாவதாக ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. காகா முதல் தடவையாகச் சிரித்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷமும் சேர்த்து விரதம் இருந்துடுங்கன்னு சொல்றா. இன்னொரு வருஷத்துக்கு என்னைத் தாராளமா எழுதிக் குடுத்துட்டா.”

மற்ற மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் செல்வம் அன்றே போன் செய்து சொன்னார். இரண்டு வீட்டில் பரவாயில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் கடுமையாகத் திட்டினார்கள், மறுநாளே பிள்ளையை வந்து அழைத்துப் போனார்கள். திட்டியது நியாயம்தான். வாங்கிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பொடியை மாவில் கலந்து எடுத்துப் போவதை விட்டேன். அது தனியாக, அது வந்த உறையோடு, ஒரு சிவப்பு டின்னில் போகும். டின்னின் நான்கு பக்கமும் மூடியிலும் பெயின்டால் ஒரு பெரிய முட்டை வரைந்திருக்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் அது என்னவென்று தெரியும். டின்னைத் திறப்பது ஒரே ஆள். முட்டை ஆகாத பிள்ளை ஒன்று பட்டியலில் இருந்தால் டின் புனேயை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. மற்ற இருபத்தேழு பேரும் அந்த ஐந்து நாள் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் சாப்பிடட்டும், ஒன்றும் குறைந்துவிட மாட்டார்கள். கோர்படிக் கடையின் இடத்தை செல்வத்திடம் சொல்லியிருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் தவறு செய்வீர்கள். அது எனக்குத் தெரியும். செய்த பிறகு, இது தவறாக இருக்கக் கூடாதே என்று மனம் கெஞ்சும் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

அன்று மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு மிருணாளின் அம்மா வந்து சேர்ந்தார். நேராக உள்ளே போய் மகளைக் கட்டிக்கொண்டார். வெளியே வந்து என் எதிரில் நின்றார். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற நிலையில்தான் நான் இருந்தேன். “என் கையாலதான்னு சொன்னீங்க” என்றார். “ஆமா, சொன்னேன்” என்றேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாவ்ஷி, பசிக்குது!”

டாக்டர், லேசாக ஏதாவது கொடுக்கலாம் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். “நீங்க பண்ணுங்க” என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர், “சாதம் வைங்க. நான் கூட நிக்கறேன்” என்றார்.

நர்ஸ் தன் குவார்ட்டர்ஸில் அடுப்பைக் கொடுத்தார். பாத்திரத்தை மூன்று தடவை கழுவினேன். அம்மா வாங்கி நான்காவது தடவை கழுவினார். அரிசி, தண்ணீர், உப்பு. ஒவ்வொன்றையும் போடும் முன் அவரிடம் காட்டினேன், அவர் தலையசைத்த பிறகு போட்டேன். குழைய வடித்து, கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்து தட்டில் கொண்டுபோனேன். மிருணாள் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கால்மாட்டில் டாக்டரும் செல்வமும், வாசலில் துண்டோடு ஜாதவ் காகா. அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏன் எல்லாரும் என் வாயையே பாக்கறீங்க? நான் எப்படி சாப்பிடறது?” என்றாள்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவள் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.